பட்டன் போனுக்கும் அரசு சேவை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டா, சிட்டா, மின் கட்டணம், பேருந்து முன்பதிவு என அரசின் சேவைகள் பலவும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால், அவற்றைப் பெறத் திறன்பேசியும் இணைய இணைப்பும் வேண்டியிருப்பதால், பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கும் முதியவர்களும் கூலித் தொழிலாளர்களும் அடுத்தவர் உதவியை எதிர்பார்த்தே நிற்கிறார்கள்.

இணையம் இல்லாமலேயே *99# என்று அழுத்தி வங்கி இருப்பை அறியவும் பணம் அனுப்பவும் உதவும் வசதி, 2014ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தொலைத்தொடர்பு வலையமைப்பின் வழியாகவே இயங்கும் இச்சேவைக்கு, ஒருமுறை பயன்படுத்த 50 காசு வரை வசூலிக்கலாம் என்றிருந்த கட்டணத்தையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் நீக்கிவிட்டது. பணப் பரிமாற்றத்துக்கே பாதுகாப்பாகப் பயன்படும் வழி, பட்டா மாறுதல் மனு எந்த நிலையில் உள்ளது என்பதை அறியவும், மின்தடை நேரத்தை வட்டார வாரியாகக் கேட்டறியவும் ஏன் பயன்படக் கூடாது?

இத்தகவல்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பும்போது எழும் மொழிச் சிக்கல் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளையே கொள்ளும். அதிலும் 'கொ' என்ற ஓரெழுத்தே இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே தகவலுக்குப் பல குறுஞ்செய்திகள் தேவைப்பட்டுச் செலவு கூடும் என்பதற்காக ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினால், யாருக்காக அனுப்புகிறோமோ அவருக்கே அது புரியாது. ஆகவே, தமிழ்க் குறுஞ்செய்திக்கான கூடுதல் செலவை அரசே ஏற்று, முதற்கட்டமாக வருவாய்த் துறையின் சேவைகளையாவது தொலைபேசி நிறுவனங்களுடன் இணைத்து வழங்க வேண்டும்.

– வாசகர், மன்னார்குடி