பாடும் அறையும் வெளியீட்டுப் படிவமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட நினைக்கும் தனி ஆளுக்குக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி எந்த மைக் வாங்கலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. மைக் நன்றாக இருந்தும் பாடல் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: பாடும் அறையில், பிறகு வெளியீட்டுப் படிவத்தில். தங்கள் வாசகர்களில் பாட்டெழுதும் பழக்கமுள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலியான சிறிய அறையில் ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்குப் பின்னால் தகரம் அதிர்வதுபோல் ஒரு நடுக்கம் கேட்டால், பாடும் ஒவ்வொரு சொல்லிலும் அது பதிவாகும். குரல் சுவரில் பட்டுச் சில மில்லி விநாடி தாமதமாகத் திரும்பி, நேராக மைக்குக்கு வரும் குரலோடு கலக்கிறது. அப்போது சில அதிர்வெண்கள் தேய்கின்றன, சில தடிக்கின்றன; டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடியதுபோல் ஆகிவிடும். ரிவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவில் ஏறிவிட்ட அறையின் ஒலியை முழுமையாக நீக்குகிற பிளக்-இன் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்) கிடையாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் பலனில்லை. அது மெல்லியது, மிக உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, குரலின் உடல் இருக்கும் இடைப்பட்ட அதிர்வெண்களை ஒன்றும் செய்யாது. தடித்த மெத்தை, மடித்த கம்பளி, துணி நிறைந்த திறந்த அலமாரி இவையே உதவும். அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கார்டியாய்டு வகை மைக் தன் முன்பக்கத்திலிருந்து வருவதை அதிகமாகவும் பின்பக்கத்திலிருந்து வருவதைக் குறைவாகவும் வாங்கும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர்தான் அதற்கு முன்பக்கம். மெத்தை நிற்க வேண்டியது அங்கே, மைக்குக்குப் பின்னால் அல்ல. அறையின் மூலையிலும் நட்டநடுவிலும் நின்று பாடுவதைத் தவிர்க்கவும்.

அறையைச் சரிசெய்யவே முடியாவிட்டால், நெருங்கிப் பாடுவது ஒன்றே வழி. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனால் மிக நெருங்கினால் கீழ் ஒலிகள் உப்பிப்போகும். ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று குண்டுபோல் மைக்கில் மோதும். ‘பூப்பறிக்க’ என்ற ஒரு சொல்லை வைத்தே இதைச் சோதித்துக்கொள்ளலாம். 15 முதல் 20 செ.மீ. தூரம், நடுவில் காற்று மோதலைத் தடுக்கும் வலையான ஒரு பாப் ஃபில்டர், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைப்பது: பெரும்பாலான குரல்களுக்கு இது போதும். கண்டென்சர் மைக் அறையின் சின்னஞ்சிறு ஓசையையும் பிடித்துவிடும். அதற்குப் பெரும்பாலும் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமும் (ஃபான்டம் பவர்) வேண்டும். எதிரொலி அதிகமான அறையில், நெருங்கிப் பாடும் சாதாரண டைனமிக் மைக் அதைவிடச் சுத்தமான பதிவைத் தரும்.

ஒலியளவைப் பல்லவியில் வைத்து முடிவு செய்யாதீர்கள். சரணத்தில் உச்சத்துக்கு ஏறும் வரியைப் பாடிக்கொண்டே கெய்னை (மைக்கின் ஒலியளவுக் குமிழை) திருப்பி, மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி நிறுத்துங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் இவ்வளவு இடம் விட்டாலும் இரைச்சல் அதிகரிக்காது. மீட்டரின் உச்ச எல்லையான பூஜ்யத்தைத் தொட்டு வெடித்த குரலை ஓரளவு ஒட்டுப்போடலாம், மீட்க முடியாது. ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் பத்து விநாடி மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியோ கணினியின் விசிறியோ ஓடுவது அப்போது தெரிந்துவிடும். இரைச்சல் நீக்கியைப் பிறகு நம்பலாம் என்று இருந்தால், குரல் தண்ணீருக்கடியில் பாடியதுபோல் வரும்.

தாளம் தப்புவதற்குப் பல சமயம் பாடுபவர் காரணமில்லை, லேட்டன்சிதான் காரணம்; அதாவது பாடிய ஒலி கணினி வழியாகக் காதுக்குத் திரும்பும் தாமதம். விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் சிறு துண்டு) வேகத்தில், கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் பஃபர் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி விநாடி. 1024 என்றால் 21 மில்லி விநாடி. போகவும் வரவும் சேர்த்தால் இன்னும் கூடும். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் எவரும் தடுமாறுவார்கள். பதிவு செய்யும்போது பஃபரை 64 அல்லது 128க்குக் குறைத்து, மிக்ஸிங்கின்போது (பதிந்த ஒலிகளைச் சமன்செய்து கலக்கும்போது) கூட்டிக்கொள்ளுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில், குரலை நேரே காதுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் பதிவுக்கு வேண்டவே வேண்டாம். கிட்டார் வாசித்துப் பாடுபவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்வதே நல்லது. கிட்டாருக்கு மைக்கை 12ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைக்கவும், ஓட்டைக்கு எதிரே வைத்தால் ‘பூம்’ என்று இரையும்.

மிக்ஸிங் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். அதைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மோனோவில் (இடது, வலது ஒலிகளை ஒன்றாக்கி) ஒரு முறை கேளுங்கள், மறுநாள் காலை மெல்லிய ஒலியில் இன்னொரு முறை கேளுங்கள். சத்தத்தைக் கூட்டும் போட்டியில் இறங்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 லஃப்ஸ் (பாடலின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடல்களைச் சமன் செய்கிறது. உச்சிகளை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டரை வைத்து மைனஸ் 8க்கு நசுக்கிய பாடலை அது 6 டெசிபல் குறைத்துவிடும். நசுங்கிய வடிவம் மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக் (ஒலியலையின் உண்மையான உச்சி) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. சுருக்கிய ஃபைலாக மாற்றும்போது உச்சிகள் சற்று உயர்வதால் இந்த எச்சரிக்கை.

இனி வெளியீடு. பாடலை இசைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரிடம், சுருக்கப்படாத டபிள்யூஏவி (WAV) ஃபைலையே கொடுங்கள். எம்பி3யை டபிள்யூஏவியாக மாற்றினால் இழந்தது திரும்பாது. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல் சதுரமாக இருக்கட்டும். அதில் இணைய முகவரியோ தொலைபேசி எண்ணோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயரில்தான் பெரிய சிக்கல். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு பாடலுக்கு ஒரு விதமாகவும் அடுத்ததற்கு வேறு விதமாகவும் எழுதினால், தளத்தில் இரண்டு கலைஞர்கள் பிறந்துவிடுவார்கள். ஒன்றாக இணைப்பது நீண்ட கடிதப் போக்குவரத்து. முதல் பாடலுக்கு முன்பே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட, அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி (ISRC) குறியீடு உண்டு. அதே பதிவைப் பிறகு ஆல்பத்தில் சேர்த்தால் அதே குறியீட்டையே கொடுக்க வேண்டும், இல்லையேல் கேட்பு எண்ணிக்கை இரண்டாகப் பிரியும். மறுபடி பாடிப் பதிந்தால் புதுக் குறியீடு. வெளியீட்டு நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் முன்பாவது பாடல் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

உரிமை இரண்டு தனித்தனி: பாட்டும் மெட்டும் ஒன்று, பதிவு மற்றொன்று. இணையத்தில் கிடைத்த கரோக்கி டிராக் இன்னொருவரின் பதிவு. உரிமைக்காலம் முடிந்த பழைய வரிகளை யாரும் பாடலாம். ஆனால் அவற்றுக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. எல்லோருக்கும் கிடைக்கும் ஆயத்த லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துணுக்கை) வைத்துச் செய்த பாடலை, ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய மற்றவர்கள் மீது உங்கள் பெயரில் புகார் போகும். நண்பர் ஒரு சரணம் எழுதித் தந்திருந்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு பாட்டு வெளியிடுபவர், கட்டணத்தை ஒரே முறை வாங்கும் டிஸ்ட்ரிப்யூட்டரைத் தேடுவது நல்லது. ஆண்டுச் சந்தாவை நிறுத்தினால் பாடலே இறங்கிவிடும் திட்டங்களும் உண்டு. இத்தனை ஆயிரம் கேட்புகள் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். செயற்கைக் கேட்பு பிடிபட்டால் உங்கள் பாடல் நீக்கப்படலாம்.

வெளியிட்ட அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய நேரத்திலிருந்து தனித்தனி டபிள்யூஏவியாக எடுத்து, சுருதி, வேகம், முழு வரிகள் அடங்கிய குறிப்போடு வெவ்வேறு இரண்டு டிஸ்க்குகளில் வையுங்கள். இன்றைய பிளக்-இன்கள் சில ஆண்டுகளில் திறக்காமல் போகலாம், டபிள்யூஏவி திறக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்