டெரிக் கிரீனுக்கு, ரொம்பத் தாமதமாக

டெரிக்,

இன்று டிசம்பர் 16. வருஷா வருஷம் இந்த நாளில் செபுல்டுரா மெட்டல் பேண்டின் 1996 லண்டன் பிரிக்ஸ்டன் கச்சேரியைப் போட்டுவிட்டு, அதோடு பாடகர் மாக்ஸ் பேண்டை விட்டுப் போன துக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் போடவில்லை.

1998இல், அவர் இடத்தில் நீங்கள் பாடிய முதல் ஆல்பமான 'அகேன்ஸ்ட்' கேசட்டை வாங்கி வந்தேன். ஒரு பக்கம்கூட முழுசாகக் கேட்கவில்லை. செபுல்டுரா என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே வேறொருவர் குரலா? பதிவு செய்ய விடாமல் கேசட்டின் தலையில் இரண்டு குழிகள் இருக்குமே, அவற்றில் காகிதத்தை மடித்துத் திணித்து, மாக்ஸ் பாடிய 'கயாஸ் ஏ.டி.'யில் பிடித்த பாட்டுகளை அதன் மேலேயே ஏற்றினேன். கணக்குத் தப்பிவிட்டது. பாட்டு தீர்ந்தும் நாடா தீரவில்லை. கடைசியில் உங்கள் குரல் அரை நிமிஷம் மிஞ்சிவிட்டது. அது வருவதற்குள் ஓடிப்போய் நிறுத்துவேன். சில நாள் எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும். அப்படித்தான் அந்த அடித்தொண்டை எனக்குப் பழகியது. நண்பர்களிடம் மூச்சு விடவில்லை.

மன்னியுங்கள். ஆனால் எங்கள் நிலைமையையும் பாருங்கள். பிரேசிலின் பெலோ ஹொரிசாண்டேயில் அண்ணன் மாக்ஸும் தம்பி இகோரும் சேர்ந்து ஆரம்பித்த பேண்டு. அண்ணன் போய், 2006இல் இகோரும் போனபின் மிச்சம் என்ன என்று கேட்கத் தோன்றாதா? தப்பு யார்மேல் என்று இங்கே சொல்ல மாட்டேன், இரண்டு கட்சிக்காரர்களும் இதைப் படிப்பார்கள். குரலைப் பற்றி மட்டும்தான் பேசினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கறுப்பு நிறத்தைப் பற்றிச் சிலர் பேசியபோது நான் சும்மா இருந்தேன். இவ்வளவுதான் இங்கே எழுத முடியும்.

மாக்ஸ் பாடியது 6 ஆல்பம், நீங்கள் பாடியது 9. இதை இந்த வருஷம்தான் எண்ணிப் பார்த்தேன். 2017இல் வந்த 'மெஷின் மெசையா'வின் முதல் பாட்டைக் கத்தாமல், மெதுவாக எடுக்கிறீர்களே, அதை ஒரே ராத்திரியில் ஏழெட்டுத் தடவை கேட்டேன். நீங்கள் பாடிய 'நேஷன்' ஆல்பம் இன்னும் சலிப்புதான், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், நான் வந்து சேரும் நேரம் பார்த்து நீங்கள் கடையைக் கட்டுகிறீர்கள். சாவின் வழியாக வாழ்வைக் கொண்டாடுகிறோம் என்று பெயர் வைத்து, 2024 மார்ச்சில் அதே பெலோ ஹொரிசாண்டேயில் விடைபெறும் பயணத்தைத் தொடங்கினீர்கள். செபுல்டுரா, அதாவது கல்லறை, என்று பெயர் வைத்த பேண்டு இதை முன்னமே சொல்லியிருக்கலாம். உங்களுக்கென்ன, கௌரவமாக முடித்தோம் என்று இறங்கிப் போய்விடுவீர்கள். 20 வருஷத்துக்கு மேல் வீணாக வீம்பு பிடித்தவன் எங்கே போவது?

கேசட்டை இன்று தேடி எடுத்தேன். குழிகளில் காகிதம் அப்படியே இருக்கிறது. போட்டுக் கேட்க டேப்ரிக்கார்டர்தான் இல்லை.