லாரா கேட்ட கேள்விக்கு ஒரு பக்கம் கொடுங்கள்

அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவினருக்கு,

வணக்கம். எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் புத்தகங்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவாகக் காட்டுகின்றன என்ற விமர்சனத்தால், 2018-ல் உங்கள் சிறுவர் இலக்கிய விருதிலிருந்து அவர் பெயரை எடுத்தபோது எனக்கு உங்கள்மேல் கடுங்கோபம். தன் சிறுவயதையே அவர் கதையாக்கிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி'யைப் பத்து வயதில் திரும்பத் திரும்பப் படித்தவள் நான். வெள்ளம் ஓடும் ஓடையை நீந்திக் கடந்து அண்டைவீட்டு எட்வர்ட்ஸ் கொண்டுவரும் கிறிஸ்துமஸ் பரிசு, ஆளுக்கொரு தகரக் குவளை, ஒரு மிட்டாய்க் குச்சி, ஒரு சின்ன கேக், பளபளவென்று ஒரு காசு, அவ்வளவுதான், அதற்கே அந்தப் பிள்ளைகள் திக்குமுக்காடிப் போவார்கள். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

இப்போது மகளுக்கு இரவில் வாசித்துக் காட்டுகிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகளான ஓசேஜ் மக்கள் கிளம்பிப் போகும் இடம் வந்தது. குதிரைகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒரு குதிரையின் பக்கவாட்டில் தொங்கும் கூடையில் கருகரு கண்களோடு ஒரு குழந்தை, அது தனக்கு வேண்டும் என்று லாரா அழுகிறாள். சின்ன வயதில் நானும் அவளோடு சேர்ந்து அழுதேன், குழந்தை கிடைக்கவில்லையே என்று. மகள் அழவில்லை. "அவங்க ஏம்மா போறாங்க? அது அவங்க ஊர்தானே?" என்றாள்.

சில அத்தியாயங்களுக்கு முன் லாராவும் அப்பாவிடம் இதைத்தான் கேட்கிறாள். இனிக் கேள்வி வேண்டாம், தூங்கு என்கிறார் அவர்.

அந்தக் குடும்பம் கேன்சஸில் வீடு கட்டியது ஓசேஜ் மக்களுக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்தில். குடியேற்றக்காரர்கள் வந்து நெருக்கியதில் அவர்கள் அதையும் விட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். பத்து வயதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் பெயரை எடுத்தது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். புத்தகத்தை அலமாரியிலேயே வையுங்கள், உள்ளே ஒரே ஒரு பக்கம் சேர்த்து வையுங்கள், அந்த நிலம் யாருடையது, அவர்கள் எங்கே போனார்கள் என்று. அதை ஓசேஜ் மக்களையே எழுதச் சொல்லுங்கள். வைல்டருக்கு இது அவமரியாதை ஆகாது. 1935 பதிப்பில், அங்கே மனிதர்களே இல்லை, 'இந்தியர்கள்', அதாவது பூர்வகுடிகள், மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. வாசகர் ஒருவர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். தவறு தன்னுடையதுதான் என்று வைல்டர் ஒப்புக்கொண்டார், 1953 பதிப்பில் 'மனிதர்கள்' 'குடியேறியவர்கள்' என்று மாறியது.

எங்களுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. மகளுக்கு விடை தேட நான் வேறு புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அடுத்த பிள்ளைக்கு அது இதே புத்தகத்திலேயே கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
லாராவை இன்னும் நேசிக்கும் ஒரு வாசகி