மாத்திரைக் கவரில் பெயர் எழுதுங்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும், கவுண்டரில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "காய்ச்சலுக்கு ஒரு செட்டு", "வயித்தால போகுது, ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு அட்டையிலிருந்து வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துத் தருகிறீர்களே, அந்தக் கவர் மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். இந்த மடலே அதற்காகத்தான்.

எங்கள் சித்தப்பா நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். சீசனில் ஊர் ஊராகப் போவார், கிடைத்ததைச் சாப்பிடுவார், வயிறு கெடும், போன இடத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார், மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். ஆனால் மாத்திரை போட்ட அன்றைக்கே கீழ் உதட்டின் ஓரம் எரியும், சிவக்கும், கொப்புளம் கட்டும். மணிக்கட்டுக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு இன்னொன்று. ஆறிய பிறகு கறுப்பு மட்டும் நிற்கும். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். பீடி குடித்துத்தான் உதடு கறுக்கிறது என்று சித்தி சண்டை போட்டார். அடுத்த தடவை வயிறு கெட்டு மாத்திரை போட்டபோது அதே உதடு, அதே மணிக்கட்டு, கூடவே பிறப்புறுப்பிலும் ஒரு புண். ஏதோ பெரிய நோய் என்று பயந்து, யாரிடமும் சொல்ல முடியாமல், மனுஷன் பாதியாக இளைத்துப் போனார்.

தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்பதுதான். சித்தப்பா சொன்ன பதில்: "மஞ்சளா நீட்டமா ஒண்ணு, வெள்ளையா சின்னதா ஒண்ணு." மாத்திரை கொடுத்த கடையைத் தேடிப் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் குடுக்குறதுதான்" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

இதற்கு ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷன் என்று பெயர், உங்களில் டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். ஒத்துக்கொள்ளாத மருந்து உள்ளே போகும்போதெல்லாம், முன்பு வந்த அதே இடத்தில் திரும்ப வரும், ஏனென்றால் அந்த இடத்துத் தோலில் தங்கிவிட்ட எதிர்ப்புச் செல்கள் அந்த மருந்தை மறப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிய இடங்களும் சேரலாம். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், ஆர்னிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின், வலி மாத்திரைகள், சிலருக்குப் பாராசிட்டமால்கூட இதைச் செய்யும். வயிற்றுப்போக்குக்கு அதிகம் விற்கிற ஆஃப்லாக்சசின் ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையில் இரண்டு மருந்துமே இந்தப் பட்டியலில் வரக்கூடியவை. புண்ணை ஆற்றலாம், ஆனால் திரும்ப வராமலிருக்க அந்த மருந்தை இனித் தொடக்கூடாது என்பது ஒன்றுதான் வழி. பெயரே தெரியாத மருந்தை ஒருவர் எப்படித் தவிர்ப்பார்? டாக்டர் சந்தேகத்தின் பேரில் நாலைந்து மருந்துகளை எழுதி எல்லாவற்றையும் தவிர்க்கச் சொன்னார். இப்போது சித்தப்பா தலைவலி மாத்திரையைப் பார்த்தாலே பயப்படுகிறார்.

அவருக்கு வந்தது லேசானது. மருந்து ஒத்துக்கொள்ளாததால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்ற கடுமையான தோல் நோய் அப்படியில்லை. முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரி இருக்கும், கண் சிவக்கும், வாயெல்லாம் புண்ணாகும், தோல் தொட்டாலே வலிக்கும், அப்புறம் கொப்புளமாகி உரிய ஆரம்பிக்கும். உடம்பில் முப்பது சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டால் அதற்கு டென் என்று வேறு பெயர், அந்த நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போய்விடுகிறது. அபூர்வமாக வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் சந்தேக மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும், நிறுத்துவதற்கும் எது என்று தெரிந்தாக வேண்டுமே.

இதில் பெரிய சிக்கல், இந்தக் கடுமையான வகை மாத்திரை போட்ட அன்றே வராது. பெரும்பாலும் நாலு நாள் முதல் நாலு வாரத்துக்குள் வரும். இலவச முகாமில் ரத்தம் கொடுத்து, யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட என்று தெரிந்ததும் தானாகவே அதைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பிக்கிறவர், மூன்றாவது வாரம் உடம்பு தடித்தால் நேற்று சாப்பிட்ட கத்தரிக்காயையும் கருவாட்டையும்தான் சந்தேகப்படுவார். அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. காய்ச்சலோடு கொப்புளம் வந்தால் அம்மை என்று முடிவு கட்டி, வேப்பிலை போட்டுப் படுக்க வைத்துவிடுவோம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தலைமாட்டில் அந்தக் காகிதக் கவரும் இருக்கிறது, மீதி மாத்திரையும் வேளாவேளைக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் உங்கள் கடைக்கு வீட்டிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்பான். அப்போது சிட்ரிசினும் ஒரு களிம்பும் கொடுத்து அனுப்பாமல், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? காய்ச்சல் இருக்கா? வாய்ல, கண்ணுல புண் இருக்கா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

மாதவிடாய் வலிக்குப் பெண்பிள்ளைகள் வாங்கும் மெஃபனாமிக் ஆசிட் பற்றி, மருந்துகளின் தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்திய பார்மகோபியா கமிஷன் 2023 நவம்பர் கடைசியில் எச்சரிக்கை வெளியிட்டது நினைவிருக்கும். டிரெஸ் சிண்ட்ரோம் என்ற கடுமையான ஒவ்வாமையை அந்த மருந்து உண்டாக்கலாம் என்பதுதான் எச்சரிக்கை. மருந்து ஆரம்பித்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, முக வீக்கம் என்று வரும், ஈரல்வரை பாதிக்கும். நாலு நாள் செய்தியில் ஓடியது, அதோடு சரி.

படர்தாமரைக்கு நீங்கள் தரும் கூட்டுக் களிம்புகளைப் பற்றித் தனி மடலே எழுதலாம். அதில் இருக்கும் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு அரிப்பை ரெண்டே நாளில் அடக்கும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு களிம்புகளை 2018-இல் ஷெட்யூல் எச்-இல், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துப் பட்டியலில், சேர்த்ததே இதனால்தான், இன்னும் சோப்பு மாதிரிக் கேட்டதும் கிடைக்கிறது.

சீட்டு இல்லாமல் எதுவுமே தரக்கூடாது என்று சட்டப் புத்தகத்தைக் காட்டி உங்களோடு சண்டை போட நான் வரவில்லை. ஷெட்யூல் எச், எச்1 விதியெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதைக் கடைப்பிடிக்க வேண்டியது உங்கள் கடமை என்பதும் தெரியும். ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருப்பது உங்கள் கடைதான். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும், தனியார் டாக்டர் என்றால் ஃபீஸே இருநூறு முன்னூறு. அதனால்தான் எங்கள் ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள், உங்களை நம்பி வருகிறார்கள்.

அதனால் கேட்கிறேன். கவர் மேல் பேனாவால் பெயரையும் தேதியையும் எழுத அரை நிமிடம் ஆகுமா? அட்டையை வெட்டும்போது பெயர் அச்சடித்த பக்கம் வாடிக்கையாளருக்குப் போகிற மாதிரி வெட்டுங்கள். கொடுப்பதற்கு முன்னால் "முன்னாடி எந்த மாத்திரையாவது ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், வேறு கம்பெனி மாத்திரை என்று அதே மருந்தை மாற்றிக் கொடுத்துவிடாமல், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள். பக்கவிளைவுகளைப் பதிவு செய்வதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. வேலை நாட்களில் எடுப்பார்கள், நீங்களும் சொல்லலாம், பாதிக்கப்பட்டவரும் சொல்லலாம். அந்த எண்ணை பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளில் மாதாமாதம் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கும் ஒருத்தி