முகாம் கூடாரங்களை எடைக்குப் போடாதீர்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் சாரண ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நம் பகுதியின் பழைய பள்ளிகள் பலவற்றில், ஸ்டோர் ரூமின் உடைந்த பெஞ்சுகளுக்கும் வினாத்தாள் கட்டுகளுக்கும் பின்னால், ஒரு காலத்தில் சாரணர் முகாம்களுக்குப் போய்வந்த கித்தான் கூடாரங்களும் பித்தளைப் பம்பு ஸ்டவ்களும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் தோல் வார் வைத்த முதுகுப் பைகளும் இன்னும் கிடக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் அவற்றுக்கு நேரே ‘கழிவு’ என்று எழுதி, பழைய இரும்போடு சேர்த்து விற்றுவிடுவதை நான் அறிந்த பள்ளிகளிலேயே பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். அவற்றை விற்க வேண்டாம். பழுது பார்த்து மறுபடியும் முகாமுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய சாமான்கள் கனமானவை என்பது உண்மை. கொல்லிமலையிலோ கொடைக்கானல் மலைகளிலோ நடப்பவர் எல்லாவற்றையும் தம் முதுகிலேயே சுமக்க வேண்டும். அவருக்கு இக்காலத்து நைலான் கூடாரம்தான் ஏற்றது. ஆனால் நம் மாணவர்களின் முகாம் கொள்ளிடக் கரைத் தோப்பிலோ கோடியக்கரைப் பக்கத்திலோ நடக்கிறது. ஆற்றங்கரையைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றுமில்லாத இந்தச் சமவெளியில், சாமான்கள் டிராக்டரிலோ மினி லாரியிலோ வந்து இறங்குகின்றன. எடையைக் குறைப்பதற்காக உறுதியை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை நமக்கு எங்கே இருக்கிறது?

நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் கூடாரத் துணிகள் பலவற்றில், மழைநீர் புகாமலிருக்க பாலியூரித்தேன் பூச்சு தடவியிருப்பார்கள். அந்தத் துணியை மடித்து, புழுக்கமான அறையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால், காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சின் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். ஒருநாள்கூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இது நிற்காது. வேதியியல் ஆசிரியர்கள் நீராற்பகுப்பு என்று வகுப்பில் சொல்லித் தருவது இதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், புதிதாக வாங்கிய கூடாரங்களை இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தன. உள்பக்கப் பூச்சு செதில் செதிலாகக் கையோடு வந்தது. விற்ற நிறுவனமோ, பழுது பார்க்க வழியில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடித்துக்கொண்டது. பசையிட்டு ஒட்டிய பாலியூரித்தேன் அடியுள்ள மலையேற்றக் காலணிகளும் இப்படித்தான் அலமாரியிலேயே உதிர்ந்துபோகின்றன. தைத்த அடியுள்ள பழைய தோல் பூட்ஸ் தேய்ந்தால், பேருந்து நிலையத்து வாசலில் அமர்ந்து செருப்புத் தைப்பவரே புது அடி வைத்துக் கொடுத்துவிடுவார்.

கித்தானுக்கு அந்தப் பூச்சு தேவையில்லை. நனைந்தவுடன் பருத்தி நூல் தானே பருத்து, நெசவின் இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் புதுக் கித்தான் கூடாரத்தை முதல் முகாமுக்கு முன் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவைப்பார்கள். மழை பெய்யும்போது உள்பக்கத் துணியில் விரல் வைக்கக் கூடாது என்று சொல்வதும், தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கிவிடும் என்பதால்தான். பருத்திக் கயிறு நனைந்தால் குறுகி முளைகளைப் பிடுங்கிவிடும் என்பதால், மேகம் கறுக்கும்போதே சாரணர்கள் ஓடிப்போய்க் கயிறுகளைச் சற்றுத் தளர்த்துவார்கள். வானத்தையும் கயிற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் அந்தப் பழக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் பிள்ளைகளுக்குத் தந்துவிடாது. கித்தானுக்குக் குறையும் உண்டு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து மக்கிப்போகும். ஐப்பசி, கார்த்திகை முகாம் முடிந்து வந்ததும் நல்ல வெயிலில் விரித்துக் காயவைத்தே தீர வேண்டும், தரையில் போடாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். ஆயினும் கிழிந்தால், பந்தலும் ஷாமியானாவும் தைப்பவர் எந்த ஊரிலும் ஒட்டுப்போட்டுத் தருவார். முளை தொலைந்தால் சவுக்குக் கழியைச் சீவிக்கொள்ளலாம்.

பம்பு ஸ்டவ்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. 1911இல் தென் துருவத்தை அடைந்த ஆமுன்சென் குழுவும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் பனியை உருக்கியது அவ்வகை அடுப்பில்தான். பம்பு அடித்தால் தொட்டிக்குள் காற்றழுத்தம் ஏறும். அது மண்ணெண்ணெயைக் குழாய்வழி மேலே தள்ளும். சூடேறிய பர்னரில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே பீய்ச்சி, நீலமாக எரியும். ஒளிவு மறைவான பகுதி ஒன்றுகூட இல்லை. பம்பு பிடிக்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்திருக்கும். கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டு, ஓரத்தைக் கட்டை விரலால் விரித்துவிட்டால் போதும். தீ சிவந்து புகைந்தால் நிப்பிளில் கரி அடைத்திருக்கும். அதைக் குத்தி எடுக்க ஸ்டவ் பின் என்ற மெல்லிய ஊசி இருக்கிறது. பித்தளை வேலைக்குப் பேர்போன கும்பகோணமும் நாச்சியார்கோவிலும் பக்கத்திலேயே இருக்கும்போது, உலோக ஒட்டு விட்டுப்போன தொட்டியைக் குப்பை என்று எப்படி முடிவு கட்டுகிறோம்? ஆனால் கசியும் தொட்டியைச் சரிசெய்து சோதிக்காமல் எக்காரணம் கொண்டும் பற்றவைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் மாணவர் கையில் அதைக் கொடுக்கவும் கூடாது. ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்ட நாளில் எல்லாச் சமையலையும் அதில் செய்ய இயலாது என்பதும் எனக்குத் தெரியும். முகாமுக்கு ஓர் அடுப்பு எரிந்தால் போதும். அதைக் கழற்றி மாட்டக் கற்பதே பாதிப் பயிற்சி.

புதிதாக வாங்குவதைத் தவிர்க்க முடியாத இடங்களும் இருக்கும். அப்போது விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே, ஜிப்பின் இழுப்பானும் பக்கிளும் கம்பின் துண்டுகளும் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. கூடாரத்துக்கும் முதுகுப் பைக்கும் அங்கே இடமில்லாத நிலையில், வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் ஸ்டோர் ரூமிலுள்ள கித்தான்களை மைதானத்தில் விரித்துப் பாருங்கள். தைக்கக் கூடியதையும், வேறொன்றுக்கு ஒட்டுப்போட மட்டுமே உதவுவதையும் பிரித்து வையுங்கள். ஒரு பள்ளியில் துணியும் இன்னொரு பள்ளியில் கம்பும் மிஞ்சியிருந்தால், ஒன்றியத்துக்கு ஒரு பொது இருப்பாகச் சேர்த்துவிடலாம். கோணி ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு வர ஆயத்தமாக இருக்கும் பழைய சாரணர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள், நானும் வருகிறேன்; ஒரு சனிக்கிழமை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
முன்னாள் சாரணர் ஒருவர்