குளத்துக்கு விளக்கு பிறகு, முதலில் வாய்க்கால்

யாழ். நகரைச் சூழவுள்ள பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். 2025 மே மாதத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்களில் குளத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கொக்குவில், கொண்டாவில், திருநெல்வேலி, இருபாலை, மானிப்பாய் என்று நகரை ஒட்டிய ஊர்களில் மிஞ்சிக் கிடக்கிற குளங்களையும் வெளிகளையும் காப்பாற்றுவோம் என்றீர்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் எழுதுகிறேன்.

2021 இல் ஆரியகுளம் திருத்தப்பட்டபோது நானும் போய்ப் பார்த்தேன். நகரத்துக்கு நடுவில் பிள்ளைகுட்டியோடு பின்னேரம் போய் இருக்க ஓர் இடம் கிடைத்ததில் எனக்கும் சந்தோசம்தான். வந்த வினை என்னவென்றால், அதற்குப் பிறகு குளத்தைப் பாதுகாப்பது என்றாலே சுற்றிவரக் கட்டு, நடைபாதைக் கல், வர்ண விளக்கு, வாங்கு, பெயர்ப்பலகை என்று ஆகிவிட்டது. இவற்றுக்கு நாடா வெட்டலாம், படம் எடுத்துப் போடலாம். வாய்க்கால் துப்புரவாக்கியதற்கு யார் நாடா வெட்டுவார்?

எங்களுக்கு ஆறு இல்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று, அதுவும் அராலிப் பக்கம் போய்க் கடல்நீரேரியில் விழுந்துவிடும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர். மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் இறங்கித் தேங்குகிறது. அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அதையே மறுபக்கமாகப் பாருங்கள். மேலே 1 அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறுவதற்கு இடம் கொடுத்துவிடுகிறோம்.

வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைத்து ஆறுதலாகக் கீழே இறக்கத்தான் முன்னோர் குளம் தொட்டார்கள். கோடையில் அடியில் படிந்த மண்ணை வெட்டி வண்டிலில் ஏற்றித் தோட்டங்களுக்குப் போட்டார்கள். தோட்டத்துக்கு அது உரம், குளத்துக்கு அது தூர்வாரல். ஒரு சதம் பாதீடு இல்லாமல் நடந்த வேலை. இன்றைக்கு அடியையும் கரையையும் சீமெந்தால் பூசிவிட்டு அதைப் புனரமைப்பு என்கிறோம்.

எங்கள் பக்கத்துக் குளமொன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இப்படி ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. வடக்குப் பக்கத்து ஒழுங்கைகளின் வெள்ளம் முழுவதும் வீதிக்குக் கீழாகத் தண்ணீர் போகிற இரண்டு மதவுகளால் அதற்குள் வந்து விழும். இப்போது ஒரு மதவின் வாயை மறித்து மதில் நிற்கிறது. கட்டியவரைக் குறை சொல்ல ஏலாது. அவர் கையிலிருக்கும் காணி உறுதியில் வாய்க்கால் என்ற பேச்சே இல்லை, வாங்கிய காணிக்கு மதில் கட்டினார். மற்ற மதவுக்கு முன்னால் மூன்று பரப்புப் பள்ளக்காணி கிடந்தது. டிப்பர் டிப்பராக மக்கி கொண்டுவந்து கொட்டி வீதியை விட உயரமாக நிரவிவிட்டார்கள். விளைவு, மார்கழியிலும் குளம் அரைவாசிதான், ஒழுங்கையிலோ முழங்காலளவு தண்ணீர். பொலித்தீனும் யோகட் கோப்பையும் மதவுக் கம்பியில் அடைபட்டு நிற்க, வெள்ளம் வந்த வழியே திரும்பி வீட்டுப் படி ஏறுகிறது. 2020 இல் புரெவிப் புயலுக்கும் 2024 நவம்பர் மழைக்கும் பம்பு வைத்து வீதிக் கானுக்குள் இறைத்தோம். குளம் ஒரு கூப்பிடு தூரத்தில் வாய் பிளந்து கிடக்க, தண்ணீர் கடலுக்குப் போனது. ஆவணியில் அதே வீடுகளில் மோட்டர் காற்றை இழுக்கிறது.

அந்தக் குளத்துக்குக் கட்டும் விளக்கும் போட ஒரு திட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மதவுகளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா?

குளங்கள் எங்களுடையவை அல்ல, ஒன்று கமநல சேவைகள் திணைக்களத்தின் கீழ், இன்னொன்று பிரதேச செயலகத்தின் கீழ், மற்றது கோயிலின் பொறுப்பில் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் மதிலுக்கும் வீட்டுக்கும் காணி பிரிப்புக்கும் விண்ணப்பம் வருவது உங்கள் மேசைக்கு. குளத்தைக் கொல்வது பெரும்பாலும் குளத்துக்கு உள்ளே நடப்பதல்ல, அந்த மேசையைத் தாண்டிப் போகிற கடதாசி. விண்ணப்பத்தோடு வருகிற கட்டடப் படத்தில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, அவற்றுக்கிடையே தூரம் எல்லாம் இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும் என்பது இருக்காது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்க்க வருவதும் கோடை வெயிலில் என்றால் அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆகவே கேட்பது இதுதான். ஒவ்வொரு குளத்துக்கும் வருகிற வாய்க்கால்களையும் மதவுகளையும் வட்டாரம் வட்டாரமாகக் குறித்து ஒரு வரைபடம் செய்யுங்கள். அதை வைத்துப் பார்க்காமல் திட்டமிடல் குழு ஓர் அனுமதியும் கொடுக்கக் கூடாது என்று சபையில் தீர்மானம் எடுங்கள். மதில் கட்டட்டும், ஆனால் வெள்ளம் போக அடியில் வழி விட்டுக் கட்டட்டும். குளத்தின் எல்லையை நில அளவைத் திணைக்களத்தைக் கொண்டு அளந்து கல்லுப் போடுங்கள். வயற்காணியை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதம் இல்லாமல் வருகிற விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024 இல் திறந்தாயிற்று, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், இனிக் குளமும் கிணறும் எதற்கு என்று கேட்கிறவர்களும் சபைகளில் இருக்கக்கூடும். குழாய்த் தண்ணீர் வரட்டும், நல்லது. அந்தத் தண்ணீரை வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க முடியுமா? மின்சாரச் செலவைத் தோட்டக்காரன் கட்டுவானா? நகரத்துக் குழாய்களுக்கு நெடுங்காலம் தண்ணீர் கொடுத்ததே கொண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகள்தான். ஒருமுறை கெட்டால் என்னவாகும் என்பதைச் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் வந்தபோது பார்த்தோம். உயர் நீதிமன்றம் 2019 இல் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. காசு கிணற்றைக் கழுவாது.

நீரேரிக் கரைகளைப் பற்றியும் ஒரு சொல். கோப்பாய், இருபாலை, செம்மணிப் பக்கத்துத் தரவைகளும் கல்லுண்டாய் வெளியும் சும்மா கிடக்கிற நிலம் என்ற நினைப்பில்தான் குப்பை அங்கே போகிறது. மாரியில் அவை வெள்ளத்தை வாங்குகிற இடம். மரநடுகை விழாவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்த சேற்றுவெளியில் கண்டல் நடுவதையும் தயவுசெய்து யோசித்துச் செய்யுங்கள். பூநாரையும் உள்ளானும் இரை தேடுவது அந்தத் திறந்த வெளியில்தான். முன்பு கண்டல் நின்று அழிந்த கரையில் நடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

வாய்க்கால் வரைபடம் தயாரானதும் சபை வாசலில் ஒட்டிவிடுங்கள். 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதி நாங்கள் கேட்டு வாங்குகிற நிலை வேண்டாம். புரட்டாதிக்கு முன் ஒட்டினால் ஐப்பசி மழைக்குள் நாலு மதவையாவது தோண்டித் திறக்கலாம். ஆள்பலம் போதாவிட்டால் சனசமூக நிலையங்களுக்குச் சொல்லுங்கள், மண்வெட்டியோடு வருகிறோம். வரைபடத்தில் பிழை இருந்தால் எங்கள் ஊர்க் கிழவர்களில் இரண்டு பேரை அனுப்பி வைக்கிறேன். எந்த மதிலுக்குக் கீழே எந்த மதவு புதைந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சோலைவரியை ஒழுங்காகக் கட்டிவரும் கொண்டாவில் வாசி ஒருவர்