தேவாலயமும் அருங்காட்சியகமும் வேறல்ல

ஐயா,

பழைய கடற்கரை நகரங்களின் தேவாலயங்களை வழிபாட்டுக்கும் தொல்லியல் அருங்காட்சியகங்களை ஆய்வாளர்களுக்கும் உரியவை எனப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும். கிரேக்கத்தின் துறைமுக நகரமான தெசலோனிக்கியில் உள்ள புனித திமித்ரியோஸ் தேவாலயமே இதற்குச் சான்று. 1917ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்து, சீரமைக்கப்பட்டு, 1949இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தின் தூண்களில், தீக்குத் தப்பிய மொசைக் ஓவியங்கள் சில இன்றும் உள்ளன. படியிறங்கி நிலவறைக்குச் சென்றால், ரோமானியக் குளியல் மண்டபத்தின் எச்சங்களை அவை இருந்த இடத்திலேயே காணலாம்; மேலே வழிபாடு, கீழே அகழாய்வு, இரண்டுக்கும் இடையே சில படிகள்தான்.

அந்நகரின் தொல்லியல் அருங்காட்சியகத்தில், 1962இல் நகருக்கு அருகிலுள்ள டெர்வேனி என்ற இடத்தின் கல்லறைகளுக்கு அருகே கிடைத்த பாப்பிரஸ் (நாணலால் செய்த பழங்காலத் தாள்) சுருளின் துண்டுகள் உள்ளன. சிதைத்தீயில் கருகியதாலேயே மட்கிப் போகாமல் தப்பிய அந்தச் சுருள், ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய கையெழுத்துப் பிரதியாகக் கருதப்படுகிறது. இத்தகைய பொருள்களுக்கு அருங்காட்சியகமே பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கட்டடங்களும் வீதிகளும் அப்படியல்ல. அதே நகரின் மெட்ரோ ரயில் பணியின்போது வெனிசெலோஸ் நிலையத்தில் வெளிப்பட்ட பளிங்கு பாவிய பழைய வீதி, பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் அதே இடத்தில் பதிக்கப்பட்டது. பெயர்க்காமலே பாதுகாத்திருக்க வேண்டும் என்று வாதாடியவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். கல்லைத் திரும்ப வைக்கலாம், அதன் அடியில் இருந்த மண்ணடுக்குகளைத் திரும்ப வைக்க இயலாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்